பத்து மீற்றர் வட்டம்

கையொப்பப் புத்தகத்தில் அவருடைய பெயர் எப்போதும் என் பெயருக்கு மேலே இருக்கும். காலையில் முதலில் வருகிறவர் முதலில் ஒப்பமிடுகிறார், அவ்வளவுதான். ஆனாலும் பேனையைக் கையில் எடுத்ததும் என் கண் தேடுவது அந்தப் பெயரைத்தான். ஏழு பத்து என்று எழுதியிருப்பார். நான் ஏழு இருபத்தெட்டு என்று எழுதுவேன். எழுதும்போது சேலையில் மகள் தடவிவிட்ட புட்டு இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று மற்றக் கையால் தட்டிப் பார்ப்பேன்.

அவர் புவியியல் ரீச்சர். நான் வரலாறு. இரண்டு பேரும் ஒரே நியமனத்தில், ஒரே நாளில் இந்தப் பாடசாலைக்கு வந்தவர்கள். அவர் கலியாணமாகாதவராக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கென்ன, நேரம் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எனக்கு ஒன்று. அவருடைய இரண்டும் தலை பின்னி, பூ வைத்து, தண்ணீர்ப் போத்தலோடு அவருக்குப் பின்னால் நடந்து வரும். என்னுடைய ஒன்றை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தால், காய்ச்சலோ, வயிற்றாலை போகிறதோ, படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு ஓடிவிட்டாளோ என்று இடைவேளை வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை கணவரிடம் மட்டும், "அவ எப்பிடித்தான் எல்லாத்தையும் செய்யிறாவோ தெரியேல்லை" என்றேன். அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, "கேட்டுப் பாருமன்" என்றார். அதற்குப் பிறகு அவரிடமும் சொல்லவில்லை.

சென்ற வருடம் வலயக் கல்வி அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் இரண்டு ஆசிரியர்கள். எங்கள் அதிபர் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். கைத்தொலைபேசியில் விளையாடும் பாட விளையாட்டுகளை நாமே உருவாக்குவதற்கான ஒரு கருவியைப் பழக்கினார்கள். கருவி என்றால் கையில் பிடிக்கும் பொருள் இல்லை. கொம்பியூட்டரில் திறக்கும் ஒரு பக்கம். அதில் எங்கள் ஊரின் வரைபடம் வரும். ஓர் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் எத்தனை மீற்றர் என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். பிறகு ஒரு கேள்வி. பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடப்பார்கள். அந்த வட்டத்துக்குள் கால் வைத்தால்தான் கேள்வி திறக்கும். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த இடம் எதுவென்று போன் சொல்லும். கதிரையில் இருந்துகொண்டு விளையாட முடியாது. நடந்து அந்த இடத்துக்குப் போயாக வேண்டும்.

எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. ஐந்து வருடமாகப் பலகையில் எழுதிப் போட்ட வரலாறு, பாடசாலை மதிலுக்கு வெளியே ஒழுங்கை ஒழுங்கையாகக் கிடந்ததை அன்றுதான் கண்டதுபோல இருந்தது. பயிற்றுவித்த தம்பி, "வட்டத்தை இருவத்தைஞ்சு மீற்றருக்குக் குறையாமல் வையுங்கோ, போன் கொஞ்சம் அங்காலை இங்காலை காட்டும்" என்றார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த புவியியல் ரீச்சர் எழுதவில்லை. அவர் அதற்குள் மூன்று புள்ளிகள் வைத்து முடித்திருந்தார்.

பயிற்சியின் கடைசியில்தான் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். ஒவ்வொரு பாடசாலையும் ஒரு விளையாட்டைத் தெரிவு செய்ய வேண்டும். வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பார். நல்லவற்றைத் தொகுத்து எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்புவார்கள். ஒரு படிவமும் தந்தார்கள். அதில் பாடம், தரம், ஊர் என்று கோடுகள் இருந்தன. கடைசிக் கோட்டுக்கு முன்னால் 'உருவாக்கியவர்' என்று இருந்தது.

என் பெயர் அச்சில் வந்தது கலியாண அழைப்பிதழில் ஒரு தடவை. மகளின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் ஒரு தடவை. நான் தனியாகச் செய்த ஒன்றுக்குக் கீழே என் பெயர் வந்ததில்லை. அந்தக் கோட்டை நான் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அவருடைய பெயர் வரக்கூடாது என்பதும் அப்போதே மனதில் வந்துவிட்டது. எது முதலில் வந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பாடசாலைக்கு ஒரே ஓர் எக்கவுண்ட்தான் தந்திருந்தார்கள். கடவுச்சொல் எங்கள் இரண்டு பேரிடமும் இருந்தது. அவர் செய்வதை நான் திறந்து பார்க்கலாம், நான் செய்வதை அவர் பார்க்கலாம். அவர் என்னுடையதைப் பார்த்தாரோ தெரியாது. நான் அவருடையதை ஒவ்வொரு நாளும் பார்த்தேன். சமையலறையில் சோறு வேகும் நேரத்தில்கூடப் பார்த்தேன். இன்று கேணியடியில் ஒரு புள்ளி கூடியிருக்கிறது, இன்று கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு கேள்வி மாறியிருக்கிறது என்று. கேள்விகள் நன்றாக இருந்தன. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. சிவப்பு மண்ணைக் கையில் எடுத்துத் தண்ணீர் விட்டு உருட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். உருட்டினால் திரளுமா, உதிருமா என்பது கேள்வி. சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வீதியில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டி வருகிறவரிடமே கேட்கச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு செய்வார்கள் என்று படிக்கும்போதே தெரிந்தது.

என் வழி வேறு. நான் துல்லியமாகச் செய்வேன் என்று முடிவெடுத்தேன். ஊருக்கு நடுவில் உள்ள அம்மன் கோயிலில், கொடித்தம்பத்துக்குப் பக்கத்தில், மண்டபம் கட்டின ஆண்டைப் பொறித்த ஒரு கல் இருக்கிறது. தினமும் கும்பிட வருகிறவர்களும் அதைப் பார்ப்பதில்லை. என் விளையாட்டின் நடு இடம் அதுதான். பிள்ளை அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றால்தான் கேள்வி திறக்க வேண்டும் என்று வட்டத்தைப் பத்து மீற்றருக்குச் சுருக்கினேன். இருபத்தைந்து வைக்கச் சொன்னது கொப்பியில் இருந்தது. ஆனால் பத்து என்று போடுவதில் ஒரு பெருமை இருந்தது. இன்னொன்றும் சேர்த்தேன். வகுப்பில் கெட்டிக்காரன் ஒருவனே போனைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடுவான் என்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொருவர் முறை என்று விதி வைத்தேன். யாருடைய முறையோ அவர்தான் போனைக் கொண்டுபோக வேண்டும், அவர்தான் பதிலை அழுத்த வேண்டும்.

பின்னேரங்களில் மகளையும் ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு இடம் இடமாகப் போய்ச் சோதித்தேன். நாலு வயது. போன் 'டிங்' என்றால் கை தட்டுவாள். 'டிங்' என்று சொல்லாவிட்டால், "அம்மா, போனுக்குப் பசிக்குதோ?" என்பாள். மற்ற எல்லா இடத்தையும் ஒரு கிழமையில் முடித்துவிட்டேன். கோயில் மட்டும் பிந்தியது. அந்தக் கிழமை எனக்குக் கோயிலுக்குள் போகக்கூடாத நாட்கள். ஐந்து நாள் பொறுத்து, ஆறாம் நாள் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டுப் போனேன். அந்த ஐந்து நாளில் அவர் என்னை முந்திவிடுவாரே என்று எரிச்சல்பட்டது நினைவிருக்கிறது. வேறு ஒன்றும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தெரிவு செய்யும் கூட்டம் அதிபரின் அறையில் நடந்தது. அதிபர், உப அதிபர், கொம்பியூட்டர் சேர், விளையாட்டு சேர், பகுதித் தலைவர். ஐந்து பேரும் ஆண்கள். நாங்கள் இரண்டு பேர். இரண்டு விளையாட்டுகளையும் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். அவருடையதைத்தான் முதலில் காட்டினார்கள். மண் உருட்டும் கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள். உப அதிபர், "உதை நானும் செய்து பாக்கலாம் போலை கிடக்கு" என்றார். அப்போதுதான் அதைக் கண்டேன். உண்மையில் ஏற்கெனவே கண்டிருந்தேன், இதற்காகத்தான் வைத்திருந்தேன்.

"சேர், ஒண்டு சொல்லலாமே?" என்றேன். "ரீச்சர் கோயிலுக்கெண்டு வைச்சிருக்கிற புள்ளி கோயிலிலை இல்லை. தேர்முட்டியடியிலை, வெளி வீதியிலை நிக்குது. கோயிலுக்குள்ளை போகாமலே கேள்வி திறந்திடும்."

கொம்பியூட்டர் சேர் படத்தைப் பெருப்பித்தார். "ஓம். வாசலுக்கு வெளியிலைதான் நிக்குது. வட்டமும் பெரிசு."

விளையாட்டு சேர் சிரித்தார். "புவியியல் ரீச்சருக்கே மப் பிழைச்சால் நாங்கள் எங்கை போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிபர் மட்டும் கொஞ்சம் கனிவாக, "ஏன் ரீச்சர் அப்பிடி வைச்சனீங்கள்? ஏதும் காரணம் இருக்கோ?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார். அந்த ஐந்து பேரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லை சேர். மற்ற ரீச்சரின்ரையே போகட்டும். அது வடிவாக் கிடக்கு."

பிடிபட்டவர் வேறென்ன சொல்வார் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் வீட்டில் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். "என்ன, இண்டைக்கு நல்ல பசி" என்றார் அம்மா.

அதிகாரி வந்த நாள் நல்ல வெயில். தரம் எட்டுப் பிள்ளைகள், ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரின் போன். என் போன் போன குழுவோடு நானும் நடந்தேன், அதிகாரியும் நடந்தார். உதவிக்கு இன்னோர் ஆசிரியை வேண்டும் என்று அதிபர் புவியியல் ரீச்சரையும் எங்களோடு அனுப்பியிருந்தார். அவர் குடையை விரித்துக்கொண்டு, எதிலும் குறுக்கிடாமல், கொஞ்சம் பின்னால் வந்தார். தன் விளையாட்டைத் தோற்கடித்தவளின் விளையாட்டுக்குப் பின்னால் அப்படி அமைதியாக என்னால் நடந்திருக்க முடியாது என்று நினைத்தேன். அதையும் அவருக்கு எதிராகவே எண்ணிக்கொண்டேன்.

முதல் இடங்கள் நன்றாகப் போயின. பொதுக் கிணற்றடியில் ஒரு பெடியன் போனை உயர்த்திக் காட்டி, "ரீச்சர், உது சொல்லுது நான் கிணத்துக்குள்ளை நிக்கிறனாம்" என்றான்.

"அப்ப நீந்தடா" என்றாள் ஒருத்தி.

"நீந்திக்கொண்டே கேள்வியை வாசியடா, நேரம் போகுது" என்றான் இன்னொருவன்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கோப்பில் ஏதோ எழுதினார். அவர் எழுதுவதை எட்டிப் பார்க்காமல் இருக்க நான் பெரிய பாடுபட்டேன்.

கோயிலடிக்கு வந்தோம். பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. உள்ளே போன் கொண்டுபோக முதலே அனுமதி வாங்கி வைத்திருந்தேன். பெடியன்கள் செருப்பைக் கழற்றி எறிந்து, சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பைப்படியில் காலைக் கழுவிவிட்டு உள்ளே ஓடினார்கள். போன் வைத்திருந்தது ஒரு பெண்பிள்ளை. இந்த இடம் அவளுடைய முறை. வகுப்பில் அதிகம் கதைக்காதவள். வரலாற்றில் நன்றாகச் செய்வாள், கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அவள் பைப்புக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி நின்றாள். காலைக் கழுவவில்லை.

"என்ன பிள்ளை, காலைக் கழுவீட்டு உள்ளுக்குப் போமன்" என்றேன்.

"ரீச்சர், இந்த முறை இவன் கொண்டு போகட்டும்."

"உம்மடை முறையெல்லே? நீர்தான் கொண்டு போகோணும்."

"நான் இஞ்சை நிண்டே பாக்கிறன் ரீச்சர்."

"இஞ்சை நிண்டால் திறக்காது. கொடித்தம்பத்தடிக்குப் போகோணும்."

உள்ளே போன பெடியன் ஒருவன் வாசலுக்குத் திரும்பி வந்தான். "ரீச்சர், மற்றக் குறூப் சங்கக்கடையைத் தாண்டீட்டுது. உவளைக் கெதியா வரச் சொல்லுங்கோ."

இன்னொருவன் தலையை நீட்டினான். "ஏன்டி வரமாட்டாயாம்? வீட்டிலை ஆரும் செத்தவையோ, துடக்கோ?"

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மரணம் நடந்தால் முப்பத்தொரு நாள் உறவினர் கோயிலுக்குள் போவதில்லை. அதைத்தான் கேட்டான். சும்மா கேட்டான். அவள் ஓம் என்று சொல்லியிருக்கலாம், அதோடு முடிந்திருக்கும். அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. இல்லை என்று தலையாட்டினாள். தலையாட்டிய பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். காது வரை சிவந்துவிட்டது.

"என்ன ரீச்சர், ஏதும் பிரச்சினையோ?" அதிகாரி கிட்ட வந்தார்.

"இல்லை சேர். பிள்ளைக்குக் கொஞ்சம் வெக்கம்." என் விளையாட்டு என் கண் முன்னே நின்றுபோய்க்கொண்டிருந்தது. அதுவும் புவியியல் ரீச்சரின் கண் முன்னே. நான் அவளிடம் திரும்பி, வகுப்பில் பாவிக்கும் குரலில், "போம் பிள்ளை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றேன்.

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. ரீச்சர், நீங்களும் ஒரு பொம்பிளைதானே என்பதுபோல ஒரு பார்வை.

என் ஐந்து நாட்கள் அப்போது நினைவுக்கு வந்தன. சோதிக்கப் போகாமல் வீட்டில் இருந்து எரிச்சல்பட்ட அந்த ஐந்து நாட்கள். எனக்குப் போகக்கூடாத நாள் இருக்கும் என்றால், பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் பதினைந்து பேர் உள்ள வகுப்பில் யாரோ ஒருத்திக்கு எந்த நாளிலும் இருக்கும். வரைபடத்தில் ஒவ்வொரு மீற்றராக அளந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று. இந்தப் பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போன வருடம் நானும் போயிருந்தேன். மண்டபம் நிறையச் சனம். மேடையில் மாலையோடு நின்றாள், வீடியோகூட எடுத்தார்கள். அன்று ஊருக்கே சொன்ன ஒன்றை, அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கும் தெரியாமல் மறைக்கப் பழக்குகிறோம். அவள் அந்தப் பழக்கத்தை ஒழுங்காகக் காப்பாற்றிக்கொண்டு நின்றாள். நான்தான் அவளை வெயிலில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி வைத்திருந்தேன்.

என்ன சொன்னாலும் அது அவளைக் காட்டிக்கொடுக்கும்போல இருந்தது.

"போன் தொங்கி நிக்குது போலை கிடக்கு" என்ற குரல் பின்னால் கேட்டது. புவியியல் ரீச்சர் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "தாரும் பாப்பம். வெயிலுக்கு உதுகள் உப்பிடித்தான்."

போனை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டித் தேர்முட்டி நிழலுக்குப் போனார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். ரீச்சர் திரும்பி வந்து போனை அந்தப் பிள்ளையின் கையில் வைத்த அதே நேரம் அது 'டிங்' என்றது.

"இப்ப சரி. இந்தா, இஞ்சையே திறந்திட்டுது. நீர் கேள்வியைச் சத்தமா வாசியும். உள்ளுக்கு நிக்கிற ஆக்கள் கல்லைப் பாத்துச் சொல்லட்டும்."

அவள் வாசித்தாள். முதலில் குரல் மெதுவாக வந்தது. உள்ளிருந்து பெடியன்கள், "கேக்கேல்லை, கத்தியடி" என்றார்கள். கத்தினாள். அவர்கள் கல்லைத் தேடி ஓடும் சத்தம், "அது இல்லையடா, மற்றப் பக்கம்" என்று ஒருவன் சொல்வது, பிறகு ஆண்டை ஒவ்வோர் இலக்கமாகக் கூப்பிட்டுச் சொல்வது எல்லாம் கேட்டது. அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். சரி என்று போன் பச்சையாக மின்னியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரி கோப்பில் எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "இந்த இடம் நல்லா இருக்கு ரீச்சர். ஒரு பிள்ளை வெளியிலை, மற்றவை உள்ளுக்கு. ஆள் தனிய செய்யேலாது. இதை யோசிச்சுத்தான் வைச்சனீங்களோ?"

மூன்று அடி தள்ளிப் புவியியல் ரீச்சர் நின்றார். பக்கத்தில் அந்தப் பிள்ளை நின்றாள். இல்லை, இதைச் செய்தது அந்த ரீச்சர் என்று சொல்லலாம். சொன்னால், அதிகாரி ஏன் என்று கேட்பார். ஏனென்று சொல்ல முடியாது.

"ஓம் சேர்" என்றேன்.

அவர் மீண்டும் குடையை விரித்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபப்பட ஏதாவது கிடைத்திருக்கும்.

பாடசாலை விட்ட பிறகு சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். பிள்ளைகள் இரண்டும் புத்தகப் பையோடு ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றன. மூத்தவளுக்குப் பத்து வயது இருக்கும். "நீங்கள் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று அவர்களை அனுப்பினார், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததுபோல.

"வட்டத்தை மாத்தினது நீங்கள்தானே?"

"ஓம். எக்கவுண்ட் என்ரை கையிலும் இருக்குத்தானே. அறுவது மீற்றராக்கிப் போட்டுத் திருப்பித் திறந்தனான். பேந்து பத்துக்கு மாத்திற எண்டால் மாத்துங்கோ."

"எப்பிடித் தெரிஞ்சது?"

"எது?"

"அந்தப் பிள்ளைக்கு."

"தெரியாது. ஆரோ ஒரு பிள்ளைக்கு இருக்கும் எண்டுதானே முதல்லையே நான் வெளி வீதியிலை வைச்சனான்."

எனக்கு முகம் எரிந்தது. சுவரில் பெருப்பித்த அந்தப் படம், ஐந்து பேரின் சிரிப்பு, என் சிரிப்பு. "அண்டைக்குக் கூட்டத்திலை ஏன் நீங்கள் சொல்லேல்லை? அதிபர் கேட்டவரெல்லே?"

அவர் ஸ்கூட்டியின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஐஞ்சு ஆம்பிளையளுக்கு நடுவிலை என்னத்தைச் சொல்லச் சொல்லுறியள்? நீங்கள் விளங்கிக்கொண்டு ஏதும் சொல்லுவியள் எண்டுதான் உங்களைப் பாத்தனான்."

பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தன. இளையவள், "ரீச்சர், உங்கடை பாப்பாவையும் ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். வாறன் என்று சொல்லிவிட்டு நின்றேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஸ்கூட்டியை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வந்தது வெட்கம் மட்டும் என்று சொன்னால் அது பொய். பொறாமையும் வந்தது, முன்னையதைவிடக் கூட. அதுவரை நான் பொறாமைப்பட்டது அவருடைய சேலை மடிப்புக்கும், ஏழு பத்துக்கும், மண் உருட்டும் கேள்விக்கும்தான். அவற்றையெல்லாம் கொஞ்சம் கஷ்டப்பட்டால் நானும் செய்துவிடலாம். யாரோ ஒரு பிள்ளைக்கு இருக்கும் என்று முதலே தோன்றுவதை நான் எங்கே போய்ப் பழகுவது? அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அதனால் தோன்றியிருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்தச் சமாதானம் படலை வரைகூட வரவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளை வழக்கம்போலக் கொப்பியை நீட்டினாள். ஏதாவது சொல்ல வேண்டுமா, சொல்லாமல் விடுவதுதான் அவளுக்கு நல்லதா என்று கொப்பி திருத்தி முடிக்கும்வரை யோசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. இடைவேளையில் நூலகத்தில் இருந்து விளையாட்டைத் திறந்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். இங்கே யாரால் வர முடியாமல் போகும்? இங்கே யார் வெளியே நிற்க வேண்டி வரும்? சந்தையடியில் படிகள் இருந்தன. காலைச் சாய்த்து நடக்கும் ஒரு பெடியன் அதே வகுப்பில் இருக்கிறான். அன்று சந்தையடி அவனுடைய முறையாக வந்திருந்தால், அவனையும் அந்தப் படிகளில் ஏற்றியிருப்பேன். அந்த வட்டத்தையும் பெருப்பித்தேன். கட்டாய முறை என்ற விதியை எடுத்துவிட்டேன். கோயில் வட்டத்தை அவர் வைத்த அறுபதிலேயே விட்டேன்.

இரண்டு கிழமை கழித்து வலயத்திலிருந்து செய்தி வந்தது. எங்கள் பாடசாலையின் விளையாட்டைத் தொகுப்பில் சேர்க்கிறார்கள், குறிப்பாக அந்தக் கோயில் இடத்துக்காக. அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். புவியியல் ரீச்சரும் தட்டினார், உண்மையாகவே தட்டினார் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அதில் ஒரு குறை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

படிவத்தை நிரப்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்னேர வெயில் யன்னலால் மேசையில் விழுந்தது. மகள் என் மடியில் ஏறி, "நானும் எழுதுறன்" என்று பேனையைப் பிடுங்கினாள். அவளுக்கு வேறொரு தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். அவள் வட்டம் வட்டமாகக் கீறினாள். இன்னும் எட்டு, ஒன்பது வருடம். அப்போது எந்த ரீச்சர் அவளை எந்தப் பைப்படியில் நிறுத்தி வைப்பாரோ என்று நினைத்தேன். நினைத்ததும் அவளைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துவிட்டேன். "நோகுது அம்மா" என்றாள்.

பாடம், தரம், ஊர் எல்லாம் எழுதி முடித்தேன். உருவாக்கியவர் என்ற கோட்டுக்கு வந்தேன். ஒரு பெயருக்குப் போதுமான நீளம்தான் இருந்தது. கன நேரம் வெறுங்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பெயரை எழுதினேன். எழுதும்போதே எழுத்தைச் சிறிதாக்கி எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு காற்புள்ளி போட்டு, மிச்ச இடத்தில் அவருடைய பெயரை முழுதாக எழுதினேன்.

அவருடைய பெயரை முதலில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.